பழஞ்சங்கிலி வாளி

கராமாவில், பழைய சலூனுக்குப் பின்சந்தில்
ரோமெலின் சைக்கிள் கடை.
மேசைக்கு அடியில் எப்போதும் ஒரு பெயின்ட் வாளி,
பாதிக்கு மண்ணெண்ணெய்,
உள்ளே சுருண்டு கிடக்கும்
கழற்றிப் போட்ட சங்கிலிகள்.

சனிக்கிழமை விடியுமுன்
அல் குத்ரா பாலைவனப் பாதையில்
முதுகு வளைத்துப் பறக்கிறவர்கள் போட்டவை.
பதினெட்டாயிரம் திர்ஹாம் கார்பன் வண்டி.
சங்கிலி மயிரிழை நீண்டால் போதும்,
புதுசு மாட்டிக்கொள்வார்கள்.
அந்த மயிரிழைதான் எங்களுக்கு இரண்டு வருஷம்.
"அளவு சேராது, ஆனா ஓடும்" என்பான் ரோமெல்.
எனக்குப் பத்து திர்ஹாம்.
பகாலாவிலிருந்து தண்ணீர் கேன் கட்டிக்கொண்டு
சந்து சந்தாகப் போகிற சுக்கூருக்கு ஏழு.

நான் ஜெபல் அலியில் காகிதம் தட்டுகிறவன்.
எண்பத்தேழு பன்னிரண்டு என்றால் சைக்கிள்.
எண்பத்தேழு பதினாலு என்றால் அதன் எலும்புகள்.
யாரோ இருவர் ஒருவர்மேல் ஒருவர்
வரி போட்டுக்கொண்டார்கள்.
எங்கள் துறைமுகத்தில் அதே ஐந்து சதவீதம்தான்.
ஆனாலும் தைவானிலிருந்து கடிதம் வந்தது,
'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே,
தவிர்க்க முடியாத காரணங்களால்...'
அங்கே விட்டதை
இங்கே பிடிக்கிறார்கள் என்று
எழுதத் தெரியாமலா இருக்கும்.

போன மாதம் ஒரு பெட்டி நிறைய மணிகள்.
ஒரு நாட்டில் வார்த்து,
இன்னொரு நாட்டில் ஒரே ஒரு திருகு முறுக்கி,
பிறந்த ஊரை மாற்றிக்கொண்டு வந்து நின்றன.
நானே தட்டினேன், நானே முத்திரை வைத்தேன்.
பத்தொன்பது வருஷமாக இங்கே இருக்கிறேன்,
என் அட்டையில் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது.
எந்தத் திருகு என்று
யாரும் சொல்லவில்லை.

நேற்றிரவு சத்வா சிக்னலில்
பச்சை விழுந்ததும் மிதித்தேன்,
கால் வெறுமையில் இறங்கியது.
சங்கிலி ரோட்டில்.
தள்ளிக்கொண்டே வந்தேன், ஆகஸ்ட் புழுக்கத்தில்
சட்டை தோலாக ஒட்டிவிட்டது.

இன்று வாளிக்குள் குனிந்தால்
மண்ணெண்ணெய் மட்டும்.
அதில் டியூப் லைட், அதன் குறுக்கே என் நெற்றி.

"சார்மாருக்கு இப்போ சங்கிலி நீளறதே இல்ல"
என்றான் ரோமெல், அவனுடைய கல்ஃப் ஹிந்தியில்.
ஒரு பல் டாக்டர் வந்தாராம்,
அளவுகோல் வைத்துப் பார்த்தாராம்,
இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்று
துடைத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாராம்.
அவரைக் குற்றம் சொல்ல முடியாது.
அந்த வாளிக்குத்தான்
எந்தப் பட்டியலிலும் எண் கிடையாது.

புதுச்சங்கிலி டப்பாவைக் கையில் எடுத்தேன்.
விலைச்சீட்டின்மேல் விலைச்சீட்டு.
நகத்தால் சுரண்டினேன்.
தொண்ணூற்றைந்துக்கு அடியில் எண்பது,
எண்பதுக்கு அடியில் அறுபத்திரண்டு,
அதற்கும் அடியில் வெறும் பசை.

அப்போது சுக்கூர் உள்ளே வந்தான்,
கையில் தொங்குகிறது அவன் சங்கிலி,
மறுகையில் யாருக்கோ போகவேண்டிய குப்பூஸ்.
வாளியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
சலாம் சொன்னான். வேறொன்றும் சொல்லவில்லை.

மாதக் கடைசி.
வீட்டுக்கு அனுப்ப எடுத்துவைத்த நோட்டிலிருந்து
தொண்ணூற்றைந்து எண்ணினேன்.
தாராளம் ஒன்றுமில்லை,
விடிந்தால் ஆறு மணிக்கு
மெட்ரோ வரை போயாக வேண்டும்.

ரோமெல் புதுசை மாட்டினான்.
என் அறுந்த சங்கிலியை வாளியில் முக்கினான்,
குமிழி விட்டு அடங்கியது.
கெட்ட கண்ணிகளைத் தட்டியெடுத்து
சுக்கூருடையதில் நாலு சேர்த்தால்
ஒன்று தேறும்.

"ஆச்சு சார்" என்றான் என்னிடம்.
ஏழு வருஷத்தில் முதல்முறை, அந்த சார்.
வண்டியை வெளியே எடுத்தேன்.
சத்தமே இல்லாமல் சுழன்றது.
பின்னால் ரோமெல்
சுக்கூரிடம் சொல்வது கேட்டது:
"அளவு சேராது, ஆனா ஓடும்.
பதினைந்து."